மறைவழியும் தீச்சுவரும்

சங்கரன்கோவிலினின்று இராசபாளையம் செல்லும் சாலையிலுள்ள கரிவலம்வந்தநல்லூர், பால்வண்ணநாதர் திருக்கோயிலாலும், வரதுங்கராம பாண்டியர் அத்தலத்தின்மேற் பாடிய அந்தாதிகளாலும் தமிழ் கற்றார் பலரும் அறிந்ததோர் ஊராகும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் தேசமெங்கும் ஊரடங்கு தொடங்கிய காலத்தில், பட்டணத்துக் காரியாலயங்களில் ஊழியம் புரிந்த இளைஞர் பலர் தத்தம் கிராமங்களுக்கு மீண்டனர். சென்னையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பகுதியிலிருந்த நமது கலாசாலைப் பழைய மாணாக்கர் ஒருவரும் அவ்வாறே இவ்வூரில் தம் முதிய அன்னையாரிடம் வந்து சேர்ந்தார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமென்று கம்பெனியார் இசைந்தனர். ஆயின், ஒரு வாரத்துக்குள் காரியாலயக் கணக்கேட்டைத் தம் கணிப்பொறியில் திறக்க இயலாதார் சம்பளமில்லா விடுப்பில் வைக்கப்படுவர் என்றும் அறிவித்தனர். அன்பர் ஐந்து நாள் முயன்றும் ஏடு திறக்கவில்லை. ஆறாம் நாட் காலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அன்று யாமிருவரும் ஆராய்ந்து கண்டவற்றை, அத்தகைய இடர் இன்றும் பலர்க்கு நேர்தலின், ஈண்டு எழுதத் துணிந்தேன்.

காரியாலயத்துக் கணிப்பொறிகளின் முன் தீச்சுவர் என்பதொரு காவல் உண்டு. பயர்வால் என்று கூறினும் அதுவே. உட்புக வரும் செய்திப் பொட்டலம் ஒவ்வொன்றின் மேலுறையையும் அது நோக்கி, எங்கிருந்து வந்தது, எந்த வாயில் எண்ணுக்குச் செல்வது என்று கண்டு, உத்தரவிலுள்ளதை உள்ளே விடும். உத்தரவில் இல்லாததைப் பெரும்பாலும் மறுமொழி கூறாமலே கீழே போட்டுவிடும். வி.பி.என். என்னும் மறைவழியோ, கடிதத்தைப் பூட்டியதோர் உறையிலிட்டு, அவ்வுறையை மற்றோர் உறையிலிட்டுப் பொதுத்தபாலில் விடுப்பதை ஒக்கும். வழியிலுள்ளார் வெளியுறையை மாத்திரம் காண்பரேயன்றி உள்ளிருப்பதைப் படிக்க மாட்டார். ஆகவே, மறைவழி திறவாதபோது முதற்கண் வினவத்தக்கது, உறை எவ்விடத்தில் நின்றுபோயிற்று என்பதே.

அன்பர் அவ்வாறு வினவினாரில்லை. தம் கடவுச்சொல்லையே ஐயுற்று, அதனை மும்முறை மாற்றி, ஈற்றில் தம் கணக்கே பூட்டப்படும் நிலையையும் வருவித்துக்கொண்டார். அவரது விண்டோஸ் கணிப்பொறி ஒவ்வொரு முறையும் 809 என்னும் பிழையெண்ணைக் காட்டியிருந்தது. அவர் அதனைப் படியாமலே மூடிவிட்டார். பெயரோ கடவுச்சொல்லோ தவறாயின் வருவது 691 என்னும் எண். அது காவலன் நம்மைக் கண்டு மறுத்ததற்கு அடையாளம். 809 என்பதோ, அப்புறத்திலிருந்து மறுமொழியே வரவில்லை என்பதற்கு அடையாளம். மறுப்பும் மௌனமும் ஒன்றல்ல. மறுத்தவனிடம் உறை சென்று சேர்ந்திருத்தல் வேண்டும். மௌனமாயின் உறை இடைவழியில் வீழ்ந்திருக்கலாம்.

எவ்விடத்தில் வீழ்ந்தது? அன்பர் தம் கைப்பேசியின் இணைப்பைக் கொண்டே முயன்றிருந்தார். அடுத்த வீட்டாரிடம் வேறொரு கம்பெனியின் கைப்பேசியை இரவல் பெற்று, அதன்வழி முயலுமாறு கூறினேன். அப்போதும் 809 தான். இருவேறு சாலைகளிலும் ஒரே தடை நேர்ந்தமையின், தடை சாலைகளில் அன்று, இரண்டும் சென்று கூடும் காரியாலய வாயிலில் இருத்தலே பொருத்தம் என்று கருதினேன். இச்சிறு சோதனைக்குப் பத்து நிமிஷமே சென்றது; முந்திய ஐந்து நாளும் இதனைச் செய்திலரே என்று வருந்தினேன்.

அக்கம்பெனி கையாண்டது எல்2டிபி, ஐபிசெக் என்னும் இரண்டும் சேர்ந்த முறை. இதன் இயல்பைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். முதலில் இருபுறத்தாரும் யு.டி.பி. 500ஆம் வாயிலில் சாவிகளைப் பேசி முடிப்பர். பின்னர்ச் செய்திகள் இ.எஸ்.பி. என்னும் பூட்டிய உறையிற் செல்லும். இ.எஸ்.பி. உறைக்கு 50 என்னும் வகையெண் உண்டேயன்றி வாயில் எண் இல்லை. பொது முகவரி ஒன்றே உடைய ரௌட்டரின் பின்னே பல கணிப்பொறிகள் இருக்குமிடத்தில் இதனால் இடர் விளையும். கதவிலக்கமில்லாத கடிதத்தை எந்த வீட்டிற் கொடுப்பது என்று தபாற்காரர் திகைப்பதை ஒக்கும். இக்குறையை நீக்க, பூட்டிய உறையை யு.டி.பி. 4500ஆம் வாயிலுக்குரிய வேறோர் உறையிலிடும் முறை வகுக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்.எப்.சி. 3947, 3948 என்னும் இரண்டும் அதனை விளக்குவன. இடையே ரௌட்டர் உண்டென்று கண்டவுடன், அன்பர் கையாண்ட முறையில், முதல் நான்கு ஓலைகள் 500இலும் ஐந்தாவது 4500இலும் செல்லும்.

காரியாலயத் தீச்சுவரில் 500உம் இ.எஸ்.பி.யும் திறந்திருந்தன, 4500 திறக்கப்படவில்லை. நிலையான பொது முகவரி உடைய கிளைக் காரியாலயங்கட்கு அது வேண்டாதிருந்தமையின், அதுகாறும் எவரும் குறை காணவில்லை. தீச்சுவரின் நாட்குறிப்பைப் பார்க்கும்படி அதன் பொறுப்பாளரை வேண்டினோம். நான்கு ஓலைகள் வந்தமையும், ஐந்தாவது வீழ்த்தப்பட்டமையும் அதில் நேர நிமிஷத்தோடு பதிந்திருந்தன.

பொறுப்பாளரோ, அவ்வொரு வாயிலைத் திறப்பதற்கு மாறாக, எல்லா வாயில்களையும் எல்லோர்க்கும் திறந்துவிட்டார். மறைவழி உடனே இயங்கிற்று, அன்பரும் மகிழ்ந்தார். சோதனைக்காகச் சில நிமிஷம் அவ்வாறு செய்வதையும் யான் விரும்பேன். அவரோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாமென்று விட்டுவிட்டார். விடிந்தபின் நாட்குறிப்பில், தொலைவிலிருந்து கணிப்பொறியை ஆளுதற்குரிய 3389ஆம் வாயிலில் அறிமுகமில்லா முகவரிகள் பலவற்றினின்றும் இரவெல்லாம் தட்டியிருந்தது காணப்பட்டது. கம்பெனியார் அனைவருடைய சம்பளக் கணக்கும் அச்சுவருக்கு உட்புறத்திலேயே இருந்தது. நற்காலமாக எவரும் நுழைந்திலர். பொறுப்பாளர் நடுங்கி யாவற்றையும் அடைத்து, 500, 4500 என்னும் இரண்டை மாத்திரம் மறைவழி யந்திரத்தின் முகவரிக்கே திறந்துவைத்தார். அன்பர்க்கு அவ்விரண்டுமே போதியனவாயின.

ஆயினும் இடர் முற்றும் தீர்ந்திலது. இணைப்பு கிடைத்தது, சிறு செய்திகள் சென்றன, கணக்கேட்டின் பெரும் பக்கமொன்றைத் திறந்தால் மாத்திரம் திரை வெறிதே நின்றது. உறைக்குள் உறை வைக்குந்தோறும் பொட்டலம் பெருக்குமன்றோ? பொதுவாக 1500 பைட் அளவே ஏற்கும் பாதையில் அது மிகுந்துவிடின், வழியிலுள்ள ரௌட்டர் 'பெரிது' என்று அறிவித்துத் திருப்பும். அவ்வறிவிப்பையும் தீச்சுவர் வீழ்த்துமாயின், அனுப்பியவர்க்கு உண்மை தெரியாது. மறைவழியின் பொட்டல அளவை 1300 ஆகக் குறைத்தபின் பக்கங்கள் திறந்தன. சற்றுநேரம் ஒன்றும் தட்டெழுதாதிருப்பின் இணைப்பு அறுந்தமைக்குக் காரணம் வேறு: மௌனமாயிருக்கும் யு.டி.பி. வழியை இடையிலுள்ள ரௌட்டர் மறந்துவிடும். இருபது வினாடிக்கொருமுறை வெற்றுச் செய்தி ஒன்றை விடுப்பதே இதற்கு நூல் கூறும் மருந்து. அதனை இயங்கச் செய்தோம்.

இடையே அவருடைய நண்பர் ஒருவர், 'பி.பி.டி.பி. என்னும் பழைய முறைக்கு மாறிவிடுக. அஃது எளிது' என்று யோசனை கூறினாராம். அதற்கு டி.சி.பி. 1723உம், ஜி.ஆர்.இ. என்னும் 47ஆம் வகையும் வேண்டும். அவ்வகைக்கும் வாயில் எண் இல்லாமையின் ரௌட்டரிடத்துப் பழைய தொல்லையே மீளும். அன்றியும், அதனோடு வழங்கிய கடவுச்சொற் காப்பு 2012ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டது. பழுதுற்ற பூட்டை எளிதென்று கொள்வதில் பயன் யாது? 443ஆம் வாயில்வழிச் செல்லும் முறைகளோ, இணையப்பக்கங்கள் செல்லும் வழியிலேயே செல்லுதலின், பெரும்பாலான சுவர்களைத் தடையின்றிக் கடக்கும். கம்பெனியார் பின்னர் அத்தகையதொன்றையும் துணையாக வைத்துக்கொண்டனர்.

ஏழாம் நாள் மாலை, தவணை முடிதற்குச் சில மணி நேரமிருக்க, அன்பர் கணக்கேட்டைத் திறந்து அன்றைய பதிவுகளை முடித்தார். பொறுப்பாளர்க்கு அவர் எழுதிய கடிதத்தின் பிரதி என்னிடம் உளது. முயன்ற நேரம், அவ்வேளையில் தம் பொது முகவரி, திரையிற் கண்ட பிழையெண், வேறு பாதையில் முயன்றதன் பயன் ஆகிய நான்கையும் அதில் நான்கே வரியில் எழுதியுள்ளார். அதற்குமுன் ஐந்து நாளும் அவர் எழுதிய கடிதங்களில் 'வேலை செய்யவில்லை' என்ற ஒரு வரியே காணப்படுகிறது.