சாவடிக் குமாஸ்தாவின் இரண்டு படங்கள்

வயிற்றுக்கு ஓர் உத்தியோகம், மனத்துக்கு ஒரு கலை என்று இரண்டையும் சுமந்து வாழ்பவர்கள் வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவருள் அநேகர். பகல் முழுதும் பேரேட்டைப் புரட்டிவிட்டு மாலையில் மிருதங்கத்தை எடுப்பவர் உண்டு. நாடகத்தில் வேஷம் கட்டுபவர் உண்டு. தூரிகை பிடிப்பவரும் உண்டு. இவர்களுள் தூரிகை பிடிப்பவருக்கு வரும் சோதனை தனி வகையைச் சேர்ந்தது. பாடுகிறவன் சற்றுப் பிசகினால் அது காற்றோடு போய்விடும். சித்திரமோ சுவரில் நின்றுகொண்டு தன் குறையைத் தினந்தோறும் சொல்லும். அதிலும் பிறர் கேட்டு எழுதிய படமானால், கேட்டவருடைய ஆசையும் எழுதியவனுடைய கண்ணும் ஒரே கித்தானில் இடம் கேட்டு நெருக்கும்.

இத்தகைய நெருக்கடியை நன்கு அறிந்தவர் பிரான்ஸ் தேசத்து ஆன்ரி ரூஸோ. 1844ஆம் ஆண்டில் தகர வேலை செய்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், பாரிஸ் நகருக்குள் வரும் பண்டங்களுக்குத் தீர்வை வசூலிக்கும் சாவடிகளில் குமாஸ்தாவாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணி புரிந்தார். பம்பாய் வாசிகளுக்கு 2017ஆம் ஆண்டு வரை பழக்கமாயிருந்த ‘ஆக்ட்ராய்’ தீர்வைதான் அது. எந்தக் கலைக்கூடத்திலும் அவர் பயின்றதில்லை. லூவர் காட்சிசாலையில் பெரியோர்களின் படங்களைப் பார்த்து எழுத அனுமதி பெற்றுக் கை பழகினார். 1893இல் வேலையினின்று விலகி, சொற்ப ஓய்வூதியத்தோடு வயலின் பாடமும் சித்திரப் பாடமும் சொல்லிக் கொடுத்துக் காலந்தள்ளினார். அவருடைய படங்களைப் பார்த்துச் சிரித்தவர்களே மிகுதி.

1909இல் கவிஞர் அப்பொலினேரையும் அவருடைய தோழியும் ஓவியருமான மாரி லோரான்சேனையும் ரூஸோ படமாக எழுதினார். கவிஞரை எதிரே நிறுத்தி, மூக்கு, வாய், நெற்றி, கைகள் என ஒவ்வொன்றையும் தையற்காரர்போல் அளந்து, அவ்வளவுகளைக் கித்தானுக்கு ஏற்பக் குறைத்துக் கொண்டாராம். இதைக் கவிஞரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கவிஞரின் பெயரால் அந்நாட்டார் வழங்கும் ஒரு பூச்செடியைப் படத்தின் முன்வரிசையில் வைக்க நினைத்தவர், வேறொரு பூவைத் தீட்டிவிட்டார். பிழை தெரிந்ததும் அவர் என்ன செய்தார்? எழுதியதைச் சுரண்டவில்லை, அதன்மேல் பூசவுமில்லை. புதிய கித்தானில் அதே படத்தை உரிய பூக்களுடன் மறுபடியும் எழுதினார். இன்று ஒரு படம் மாஸ்கோவிலுள்ள புஷ்கின் காட்சிசாலையிலும், மற்றொன்று ஸ்விட்ஜர்லாந்தின் பாஸல் நகரத்திலும் இருக்கின்றன.

மற்றொரு நிகழ்ச்சியையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1908இல் தமக்கு அண்டையிலிருந்த பலசரக்குக் கடைக்காரர் குடும்பத்தோடு குதிரை வண்டியில் அமர்ந்திருக்கும் காட்சியை, ஒரு புகைப்படத்தைப் பார்த்து ரூஸோ எழுதினார். கடைப் பாக்கிக்கு ஈடாக அந்தப் படத்தைக் கொடுத்தார் என்பர். வண்டியடியில் இருக்கும் நாய் அளவுக்கு மீறிப் பெரிதாயிருக்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பூவைத் திருத்த ஒரு படத்தையே புதிதாக எழுதியவர், நாயின் அளவை மாற்ற இசையவில்லை. பூ, உண்மை பற்றிய செய்தி. அது தவறினால் திருத்தவேண்டும். நாயின் அளவோ, படம் தன் நிறைவுக்காகக் கேட்ட இடம். அதை விட்டுக்கொடுத்தால் படமே போய்விடும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே பிறருக்காக எழுதுகிறவன் கற்கவேண்டிய முதற்பாடம் என்பது நம் எண்ணம்.

ரூஸோ ஏன் பழைய படத்தின்மேல் பூசவில்லை என்பதை நாம் அறியோம். ஆனால் அப்படிப் பூசுவதில் உள்ள இடரைத் தூரிகை பிடித்த எவரும் அறிவர். எண்ணெய் வர்ணம் தண்ணீர்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெள்ள இறுகுகிறது. கனத்த பூச்சு உள்ளே இறுகப் பல மாதங்களாகும். அதற்குள் அவசரப்பட்டு மேலே பூசினால் பின்னர் வெடிப்பு விழும். வெடிப்பு விழாவிட்டாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல மேற்பூச்சு ஒளி ஊடுருவுவதாகி, மறைத்ததை வெளிக்காட்டும். ஸ்பெயின் தேசத்து வெலாஸ்குவேஸ், நாலாம் பிலிப் மன்னரைக் குதிரைமேல் எழுதிய படத்தில், அவர் மாற்றி எழுதிய பின்னங்கால்களின் பழைய கோடுகள் இன்றும் நிழல்போல் தெரிகின்றன. படத்தில் மறைத்தது மறைந்தே இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

நம் குடியிருப்பிலேயே நடந்த ஒன்றைச் சொல்வோம். நாமும் ரயில்வேயில் கணக்கு எழுதி, எஞ்சிய பொழுதில் தூரிகை பிடிப்பவரே. காலமான தாயாரின் உருவத்தை எழுதித் தரும்படி அயல்வீட்டு அன்பர் ஒருவர் கேட்டார். இருந்ததெல்லாம் கல்யாணத்தில் எடுத்த ஒரு கூட்டப் புகைப்படம். அதில் அம்மையாரின் முகம் கட்டைவிரல் நகத்தளவே. தகப்பனார் முன்னமே காலமானவராதலின் நெற்றி வெறுமையாயிருந்தது. “அம்மாவைப் பெரிய குங்குமப் பொட்டோடு எழுதுங்கள் சார், அப்படித்தான் எனக்கு ஞாபகம்” என்றார் மகன். அவ்வண்ணமே எழுதினோம். ஊரிலிருந்து வந்த தங்கை படத்தைப் பார்த்துவிட்டுக் கண்கலங்கி, “அண்ணா, அப்பா போனபோது எனக்கு நாலு வயசு. இந்தப் பொட்டு வைத்த அம்மாவை எனக்குத் தெரியாதே!” என்றார்.

பொட்டை அழித்துவிடுங்கள் என்று தங்கையும், கூடாது என்று அண்ணனும் வாதாடினர். இருவர் சொன்னதும் உண்மைதான். ஒருவர் உண்மையின்மேல் மற்றவர் உண்மையைப் பூசுவதற்கு நமக்கு மனம் வரவில்லை. சாவடிக் குமாஸ்தா காட்டிய வழியே கைகொடுத்தது. மூன்று மாதம் ஞாயிறுதோறும் உட்கார்ந்து இரண்டாவது படம் ஒன்றை எழுதினோம். முதற்படத்தைப் பார்த்து நகல் எடுக்கவில்லை; தங்கை சொல்லச் சொல்லக் கேட்டு, வயது முதிர்ந்த அந்த முகத்தைப் புதிதாகத் தேடினோம். கடன் வாங்கியேனும் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு தாயின் அயர்வு, முதற்படத்தில் இல்லாதது, இதில் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்த அண்ணன் நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு, “இந்த அம்மாவை நான் பார்க்கத் தவறிவிட்டேன், அப்போது நான் இங்கே வேலையில் இருந்தேன்” என்றார்.

ஊரை விட்டு வந்த குடும்பங்களில் பெற்றோரின் உருவம் பிள்ளைக்குப் பிள்ளை வேறாகவே தங்கிவிடுகிறது. ஆகவே, உங்கள் குடியிருப்பிலுள்ள ஓவிய அன்பரிடம் படம் கேட்கச் செல்லும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். நகையும் சேலைக் கரையும் இன்னவை என்று முன்னதாகச் சொல்லுங்கள், உடன்பிறந்தோரையும் கலந்துகொள்ளுங்கள், கித்தானுக்கும் வர்ணத்துக்கும் ஆகும் செலவைக் கையில் கொடுத்துவிடுங்கள். பூ தவறினால் தயங்காமல் சொல்லுங்கள். நாயின் அளவை மட்டும் அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.