ஊதலும் ஓதி ஊதுதலும்: புறமருத்துவத்திலும் சடங்கிலும் மூச்சின் இடம்

சித்த மருத்துவம் வகுத்துரைக்கும் 32 புறமருந்துகளுள் நசியம், ஊதல், நாசிகாபரணம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வைத்து எண்ணப்படுகின்றன. மூக்கில் துளியாக விடப்படுவது நசியம். மூக்கில் இடப்படும் தூள் நாசிகாபரணம். இவ்விரு பெயர்களும் மருந்து சேரும் உறுப்பை அடியாகக் கொண்டவை. ஊதலோ செயலால் பெயர் பெற்றது. மருந்துச் சரக்கை வாயிலிட்டு மென்று நோயாளியின் காது முதலிய இடங்களில் ஊதுவது இதன் முதன்மை வடிவம்.

ஆயுர்வேதத்தோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு தெளிவு பெறும். அங்குப் பிரதமனம் என்னும் முறை நசியத்தின் ஒரு வகையே. இருபுறமும் திறந்த ஆறு அங்குலக் குழலில் தூளை நிரப்பி மூக்கினுள் ஊதுவர். மூச்சு அங்கு உந்துவிசை மட்டுமே. மருந்து ஊதுபவரின் நாவில் படுவதில்லை. மென்று ஊதும் முறையிலோ மருத்துவரின் வாயே கருவியாகிறது. சரக்கின் காரத்தை முதலில் உணர்பவரும் அவரே. ஊதலை நசியத்துள் அடக்கிப் பொருள் கூறுவது இதனாலேயே பொருந்தாது.

சடங்கில் சரக்கின் இடத்தைச் சொல் பெறுகிறது. தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் 'ஓதி ஊதுதல்' என்னும் தொடரில் ஓதுதல் முன்னும் ஊதுதல் பின்னுமாக அமைந்த வரிசை தற்செயலானதன்று. குர்ஆன் வசனம் ஓதப்பட்ட பின்னரே நோயாளியின்மீதோ அவர் அருந்தும் நீரிலோ ஊதப்படுகிறது. அதே குர்ஆனின் 113ஆம் அத்தியாயம் முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கிலிருந்து காவல் வேண்டுகிறது. ஆகவே மூச்சு தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அது ஏந்திவரும் சொல்லே இரண்டையும் பிரிக்கிறது. திருநீற்றை மந்திரித்து முகத்தில் ஊதும் சிற்றூர் வழக்கில் பொருளும் உண்டு. எனினும் மந்திரிக்காத நீற்றை எவரும் ஊதுவதில்லை.

இவ்விரு நெறிகளும் அருகருகே நின்றும் கலவாமைக்குக் கேரள நஞ்சு மருத்துவம் சான்று. அம்மரபு மந்திரத்தால் நஞ்சிறக்குவதை விஷவித்தை என்றும், மருந்தால் தீர்ப்பதை விஷவைத்தியம் என்றும் பிரித்துப் பேசுகிறது. சுக்கு, மிளகு போன்றவற்றை மென்று கடியுண்டவரின் உச்சியிலும் காதுகளிலும் ஊதும் 'ஊத்து' விஷவைத்தியத்தைச் சார்ந்தது. பாம்புக்கடிக்கு இன்று உறுதிப்பட்ட சிகிச்சை எதிர்நஞ்சு மருந்தே. இங்கு நோக்கத்தக்கது ஊத்தின் பயன் அன்று, அது வகைப்படுத்தப்பட்ட முறையே.

கள ஆய்வில் தகவலாளர் 'ஊதிவிட்டார்' என்று மட்டும் கூறும்போது அதனை மந்திரச் சடங்கு எனப் பதிவது எளிது. ஊதியவர் வாயில் இருந்தது சரக்கா, சொல்லா என்னும் வினா கேட்கப்படாதவிடத்து, மருத்துவச் செய்தியொன்று சடங்குக் கோப்பினுள் மறைந்துபோகும்.