வலி குறைந்த நாளில் செய்ய வேண்டியது

எண்டோமெட்ரியோசிஸ் நோயுடன் எங்களிடம் வரும் பெண்கள் வலியைப் பற்றி விரிவாகச் சொல்கிறார்கள். களைப்பைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறார்கள். சோம்பேறி என்று எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சமே காரணம். சில வீடுகளில் அச்சொல் ஏற்கெனவே சொல்லப்பட்டும் இருக்கிறது.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, சினைப்பை, கருக்குழாய், குடலின் வெளிப்புறம் போன்ற இடங்களில் வளர்வதே இந்நோய். அவ்விடங்களில் அழற்சி உண்டாகிறது. நாளடைவில் தழும்பு ஏற்பட்டு உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரை இது பாதிப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. நீடித்த அழற்சியும், வலியால் கலைந்த உறக்கமும், மிகுதியான உதிரப்போக்கினால் வரும் இரத்தசோகையும் உடலைச் சோர்வுறச் செய்கின்றன. இவற்றுள் இரத்தசோகையை எளிதில் கண்டறிந்து சரிசெய்யலாம். ஆகவே ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் காணும் சிக்கல் பெரும்பாலும் வலி குறைந்த நாளில்தான் தொடங்குகிறது. தேங்கிய துணி, அரைக்க வேண்டிய மாவு, முடிக்காத அலுவலகப் பணி அனைத்தையும் அன்றே தீர்த்துவிட மனம் விழைகிறது. அடுத்த இரண்டு மூன்று நாட்கள் படுக்கையில் கழிகின்றன. களைத்த பின் ஓய்வு என்பதை மாற்றி, களைப்பதற்கு முன்னரே ஓய்வு என்று பழக வேண்டும். ஒரு மணி நேரம் நின்றால் இடுப்பு கடுக்கும் என்று தெரிந்தவர் 40 நிமிடத்திலேயே அமர்ந்துவிடலாம். காய் நறுக்குவதற்கு நிற்க வேண்டியதே இல்லை. முதலில் இது கடினம். வேலையைப் பாதியில் விட்டு எழுவது நம் வீடுகளில் பழக்கமன்று.

வீட்டுக் காலண்டரில் அன்றைய வலிக்கும் களைப்புக்கும் 0 முதல் 10 வரை எண்ணிட்டு வாருங்கள். மூன்று மாதப் பதிவு, எந்த நாட்களில் பளுவைக் குறைக்க வேண்டும் என்பதைக் காட்டிவிடும், மருத்துவருக்கும் உதவும்.

வலி உச்சத்தை எட்டும்வரை மாத்திரையைத் தள்ளிப்போடுவதால் நன்மை இல்லை. மருத்துவர் குறித்த அளவில், வலி தொடங்கும்போதே, உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளுங்கள். மெஃபினமிக் அமிலம் வெறும் வயிற்றுக்கு ஆகாது. டையினோஜெஸ்ட் தொடங்கிய முதல் மாதங்களில் திட்டுத்திட்டாக உதிரம் படுவதுண்டு. அஞ்சித் தாமாகவே நிறுத்திவிடுவோர் பலர். நிறுத்துமுன் எங்களிடம் கேளுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்ற ஆறுதலில் எங்களுக்கு உடன்பாடில்லை. கருவுறுதல் இந்நோய்க்கு மருந்தன்று. "ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்பதைக் காட்டிலும், மாதத்தின் அந்த நான்கு நாட்களில் இரவுச் சமையலைத் தம் பொறுப்பாகவே ஏற்றுக்கொள்வது மேல். அப்போது அவர் ஒவ்வொரு முறையும் தம் வலியை மெய்ப்பித்துக் காட்ட வேண்டியிராது.

திடீரெனத் தொடங்கும் கடும் வலியுடன் காய்ச்சலோ வாந்தியோ மயக்கமோ சேர்ந்தால், வழக்கமான வலி என்று பொறுத்திருக்க வேண்டாம். சினைப்பைக் கட்டி உடைந்தோ முறுக்கிக்கொண்டோ இருக்கலாம். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.