பால் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எந்தப் பால்?

பால் குடித்தால் ஒத்துக்கொள்வதில்லை என்பவர்களுக்காகச் சந்தைக்கு வரும் பால்களில், புரதத்தைக் கருதித் தயாராகிறவை இரண்டு வகை. ஒன்றில் பசுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றொன்றில் புரதத்தையே உடைக்கிறார்கள். முதலாவதற்கு ஏ2 பால் என்று பெயர். இரண்டாவது, மருத்துவர் எழுதித் தரும் பால்மாவு. பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு. அந்த இடத்தில் முதலாவதைக் கொடுப்பது ஆபத்து. இதைப் புரிந்துகொள்ள இரண்டும் எப்படித் தயாராகின்றன என்று பார்த்தாலே போதும். (பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவர்களின் தொல்லை வேறு. அதற்கும் புரதத்துக்கும் தொடர்பில்லை.)

பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசின். அதன் முக்கிய வகைகளில் ஒன்றான பீட்டா-கேசின், 209 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. 67ஆம் இடத்தில் புரோலின் இருந்தால் அது ஏ2. ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. ஏ1 செரிக்கும்போது பீட்டா-கேசோமார்ஃபின்-7 என்ற சிறு துண்டு எளிதாகப் பிரிகிறது. வயிற்று உபாதைக்கு அதுவே காரணம் என்ற கருத்தை நம்பி, ஏ2 பாலைத் தனியாக விற்பதற்கென்றே 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்தப் பாலுக்குத் தொழிற்சாலையில் செய்ய வேண்டியது அதிகமில்லை, வேலையெல்லாம் தொழுவத்தில்தான். மாட்டின் வால் மயிரை வேரோடு எடுத்து மரபணுவைச் சோதிக்கிறார்கள். தாய், தந்தை இரண்டிடமிருந்தும் ஏ2 வந்த பசுவே தேறும். ஒன்று ஏ1 ஆக இருந்தால் பாலில் இரண்டு புரதமும் இறங்கும். அப்படிக் கலந்த பசுவுக்கு ஏ2 காளையின் சினை ஊசி போட்டால் கன்றுகளில் சராசரியாகப் பாதிதான் முழு ஏ2. இரு பக்கமும் ஏ1 உள்ள பசுவென்றால் முதல் தலைமுறையில் ஒன்றுகூடத் தேறாது. பிறந்த கிடேரி வளர்ந்து கன்று ஈன்று கறவைக்கு வர இரண்டு ஆண்டுக்கு மேலாகும். ஆகவே ஒரு பண்ணை முழுவதும் மாறப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை தனிக் கறவை, தனித் தொட்டி என்று பிரித்தே வைக்க வேண்டும். உழைப்பு உண்மையானது, கிடைக்கும் பாலும் சொன்னபடியே ஏ2 பால்தான்.

ஆனால் அந்த உழைப்பால் மாறுவது 209இல் ஒன்று. ஒவ்வாமை உள்ள உடலின் எதிர்ப்பு சக்தி அந்த ஒற்றை இடத்தைப் பார்த்துக் கொதிப்பதில்லை. கேசினின் பல பகுதிகளையும், மோரில் தங்கும் பீட்டா-லாக்டோகுளோபுலின் போன்ற வேறு புரதங்களையும் அது எதிரியாக அடையாளம் காண்கிறது. இவை ஏ2 பாலிலும் அப்படியே உள்ளன. காய்ச்சினால் சரியாகிவிடுமா? கேசின் வெப்பத்தைத் தாங்கும். அடுப்பில் கொதிக்கவைப்பது போதாது. எனவே புரதத்தை நறுக்கத்தான் வேண்டும். 1942இல் அமெரிக்காவில் வந்த நியூட்ராமிஜென் இவ்வகையில் முன்னோடி. பாலிலிருந்து பிரித்த கேசினை அல்லது மோர்ப் புரதத்தை நீரில் கரைத்து, செரிமான நொதிகளைச் சேர்த்து, இளஞ்சூட்டில் வைக்கிறார்கள். நம் குடல் செய்யும் வேலை அங்கே கலத்தில் நடக்கிறது. பிறகு சூடேற்றி நொதியைச் செயலிழக்கச் செய்து, தேவைப்பட்டால் நுண்வடிகட்டியில் பெரிய துண்டுகளைத் தடுத்து, எண்ணெய், மாவுச்சத்து, வைட்டமின், தாது உப்புகள் சேர்த்துப் பொடியாக்குகிறார்கள். ஏறத்தாழ 24,000 டால்டன் எடையுள்ள பீட்டா-கேசின், பெரும்பாலும் 3,000 டால்டனுக்கும் குறைந்த துண்டுகளாகிவிடுகிறது. அவ்வளவு சிறிய துண்டை எதிர்ப்பு சக்தியால் பெரும்பாலும் இனங்காண முடிவதில்லை. ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் குறைந்தது 90 சதவீதத்தினர் தாங்கிக்கொள்வதைச் சோதனையில் காட்ட வேண்டும் என்பது இந்த வகைக்கு வகுத்த அளவுகோல். இதுவும் ஒவ்வாத சிலருக்குப் பால் புரதமே இல்லாமல் தனி அமினோ அமிலங்களால் ஆன மாவு இருக்கிறது.

ஏ2 பாலுக்கு மாறியபின் வயிறு அடங்கியது என்று பலர் சொல்கிறார்களே என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வாமை இல்லாமல், பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களிடம் ஏ2 பால் தொல்லையைக் குறைத்ததாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டின. அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது அந்தப் பாலை விற்கும் நிறுவனம். அதனால் மட்டுமே அவை பொய்யாகிவிடா. பெரிய, சார்பற்ற ஆய்வு வேண்டும் என்பதே பொருள். நீரிழிவு, இதய நோய் என்று ஏ1 பாலின்மேல் சுமத்தப்பட்ட பெரிய குற்றச்சாட்டுகளைப் பொறுத்தவரை, அதற்கான காரண உறவு நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் முடிவு சொன்னது. நம் நாட்டு மாடுகளும் எருமைகளும் பெரும்பாலும் ஏ2 புரதமே தருகின்றன. அவற்றை வளர்க்க ஆயிரம் நல்ல காரணங்கள் உண்டு. ஒவ்வாமைக்கு மருந்து என்பது அவற்றில் ஒன்றல்ல. ஆட்டுப்பாலும் அப்படித்தான்: பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவும் ஒவ்வாது.

உடைத்த புரத மாவுக்கும் குறைகள் உண்டு. துண்டான புரதம் கசக்கும். பிறந்த சில மாதங்களில் குழந்தை ஏற்கும், பிறகு முகம் சுளிக்கும். விலையும் பல குடும்பங்களுக்கு எட்டாதது. மலிவான மாற்றாக ஏ2 பாலை நாடத் தூண்டுவதில் இந்த விலைக்கும் பங்கு உண்டு. 2024 ஆகஸ்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் ஏ1, ஏ2 என்ற விளம்பரத்தையே நீக்கச் சொல்லிவிட்டு, சில நாட்களில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. ஏ2 என்று அச்சிடுவதைத் தடுக்க வேண்டியதில்லை. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்ற ஒரு வரியை அதே அளவு எழுத்தில் உறையின் முன்பக்கம் கட்டாயமாக்குவதும், உடைத்த புரத மாவை அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் இலவசமாகக் கொடுப்பதும்தான் உடனே செய்ய வேண்டியவை.