பெயர் அறியாத கித்தார்

வானொலியில் ஒரு திரைப்பாட்டு ஒலித்தால், பாடியவர் இன்னார், இசையமைத்தவர் இன்னார் என்று எங்கள் நல்லம்பள்ளித் தேநீர்க்கடையிலும் உடனே சொல்லிவிடுவர். அதில் கித்தார் வாசித்தவர் யார் என்று வினவினால் விடை கிடைப்பதரிது. அந்தப் பெயர் அறியாத இருக்கை எத்தகைய பள்ளிக்கூடம் என்பதற்கு இளையராஜாவின் வாழ்க்கையே சான்றாகும்.

1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்த அவர், தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். 1968-இல் சென்னையை அடைந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றார். ஒலிப்பதிவுக் கூடங்களில் ஊதியத்துக்கு வாசிக்கும் கித்தார்க் கலைஞரானார்.

அந்நாளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒருங்கே இசைக்க, பாட்டு பதிவாகும். ஒருவர் விரல் பிழைத்தாலும் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டியதுதான். காலையில் காதற்பாட்டு, மாலையில் தாலாட்டு. எதுவாயினும் கையில் கொடுத்த இசைக்குறிப்பைக் கண்டவுடன் வாசித்தாக வேண்டும். பன்முகத் திறமை என்பது வித்தைகள் பலவற்றைக் காட்டுவதன்று. பாட்டு வேண்டுவதை மட்டும் தந்து, வேண்டாதபோது அடங்கியிருப்பதே அது.

சலில் சௌத்ரியின் இசைக்கு அவர் கித்தார் வாசித்தார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து கன்னடப் படங்கள் பலவற்றில் பணிபுரிந்தார். கன்னட நாட்டை அடுத்து வாழும் நம் மாவட்டத்தார், அவர் பெயரை அறியுமுன்னரே அவர் கைவண்ணத்தைக் கேட்டிருக்கவும் கூடும்.

இவ்வாறு பயின்றமையால், 1976-இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக இசையமைப்பாளரானபோது ஒவ்வொரு வாத்தியத்தின் இயல்பும் அவருக்குக் கைவந்திருந்தது. 1985-இல் வெளிவந்த ‘இதயக் கோவில்’ படத்துக்குப் பாட்டும் எழுதினார். 2025 மார்ச் 8-இல் இலண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியது.

ஆயினும், அந்த இருக்கையிலிருந்து எழுந்து புகழ் பெற்றோர் மிகச் சிலரே. 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டைக் கித்தாருக்காகவே விரும்புவோர் பலர். அதை வாசித்தவர் சந்திரசேகர் என்பதை அவர்களுள் எத்துணைப் பேர் அறிவர்?

இன்று கணிப்பொறியே பல வாத்தியங்களின் ஒலியைத் தந்துவிடுகிறது. ஒருங்கே அமர்ந்து வாசிக்கும் வாய்ப்பு அருகி வருகிறது. செலவு குறைகிறது, உண்மையே. ஆனால் பிறர் இசைக்கு உழைத்துத் தம் இசையைக் கண்டடையும் பள்ளிக்கூடமும் அதனோடு குறைகிறதன்றோ?

பாட்டை ஒலிபரப்புகையில் வாத்தியக் கலைஞரின் பெயரையும் ஒருமுறை சொல்லலாம். சில நொடிகளே ஆகும். அப்பெயரைக் கேட்கும் ஒரு சிற்றூர்ச் சிறுவன், அந்த இருக்கையும் அமரத்தக்கதே என்று எண்ணுவானாயின், அதனினும் பெரும்பயன் வேறில்லை.