ஒரே பெட்டியில் தேடினால் எல்லாம் கிடைக்குமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைக் கழிவுநீர் பற்றி ப்ராஜெக்ட் செய்யச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் படிப்பது கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ இருக்கலாம். எங்கே தேடத் தொடங்குவது?

உங்கள் கல்லூரி நூலகத் தளத்தில் கூட்டுத் தேடல் (புத்தகம், ஆய்விதழ், ஆய்வேடு அனைத்தையும் ஒருசேரத் தேடும் வசதி) இருந்தால் அங்கே தொடங்குங்கள். இல்லையென்றால் காரக்பூர் ஐஐடி உருவாக்கிய தேசிய மின்னூலகம் இருக்கிறது. 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இதில் இலவசமாகவே பதிவு செய்யலாம்.

கூகுள் போதாதா? தொடக்கத்துக்குப் போதும். ஆனால் அது சுத்திகரிப்பு இயந்திரம் விற்பவரையும் சேர்த்தே கொண்டுவந்து நிறுத்தும்.

என்ன சொல் கொடுப்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கூட்டுத் தேடல் பெட்டி பெரும்பாலும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, கட்டுரைச் சுருக்கம் போன்ற குறிப்புகளில்தான் தேடுகிறது. முழு வாக்கியத்தை அடித்தால் தடுமாறும். இரண்டு மூன்று சொற்கள் போதும். நம் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'பூண்டி'க்கு சிப்காட் இரண்டு 'ஓ' போடுகிறது, ரயில்வே 'யு' போடுகிறது. ஒன்றை மட்டும் தேடினால் மற்றது விடுபடலாம். இரண்டையும் தேடுங்கள்.

அப்படியும் நாலைந்துதான் வருகிறதா? ஊரை விட்டுவிட்டுத் தொழிலைப் பிடியுங்கள். 'ஸ்டீல் பிக்ளிங்' (இரும்பின் துருவை அமிலத்தில் கழுவி எடுப்பது) என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் வேறு ஊர்களில் நடந்த ஆய்வுகள் வரும். அமிலக் கழிவு எந்த ஊரிலும் அமிலக் கழிவுதானே!

இப்போது ஆயிரக்கணக்கில் கொட்டினால்? ஓரத்தில் ஃபில்டர் (வேண்டாததை வடிகட்டும் வசதி) இருக்கும். முதலில் ஆண்டைக் குறையுங்கள், பிறகு ஆய்விதழ்க் கட்டுரை மட்டும் என்று தேர்ந்தெடுங்கள்.

தலைப்பு தெரிகிறது, திறந்தால் பணம் கேட்கிறதே? முதலில் எங்கே உட்கார்ந்து திறக்கிறீர்கள் என்று பாருங்கள். கல்லூரி சந்தா கட்டிய இதழ்கள் பல, கல்லூரி இணையத்தில் மட்டுமே திறக்கும். அதே கட்டுரை, மாலையில் சென்ட்ரல் ரயிலில் மொபைல் டேட்டாவில் பூட்டிக் கிடக்கும். வெளியிலிருந்து நுழைய லாகின் உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள்.

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கு இடமில்லை. இந்தப் பக்கம் பொறியியல் கல்லூரிகள் பலவும் தனியார்தான் என்பதால் இது நமக்குச் சற்று உறுத்தும்.

தனியார் கல்லூரி என்றால் என்ன செய்வது? உங்கள் கல்லூரி டெல்நெட் (நூலகங்கள் தங்களுக்குள் நூல், கட்டுரைகளைப் பகிரும் கூட்டமைப்பு) உறுப்பினர் என்றால், நூலகர் வழியாகக் கட்டுரையைக் கேட்டுப் பெறலாம். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட்டின் சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். அவை இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். முதல் இயலைத் திறக்கும் முன் நூற்பட்டியல் கோப்புக்குப் போங்கள்; உங்கள் தலைப்பில் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்ற பட்டியலை அந்த ஆய்வாளரே அங்கே தயாராக வைத்திருப்பார்.