மஞ்சள் தூளை செல்போனில் விற்கலாம்: அரைப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

ஈரோடு பகுதியில் மஞ்சள் ஏலம் முடிந்து வரும் விவசாயிகளிடம் பேசினால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "நம்ம மஞ்சள அரைச்சுப் பாக்கெட் போட்டு, செல்லுலயே வித்தா என்னங்க?"

விற்கலாம். ஆனால் பெருந்துறைப் பக்கம் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவருக்கு நடந்ததை முதலில் கேளுங்கள். அவர் நான்கு மூட்டை விரலியை ஒரே தடவையில் அரைத்தார். 'சுத்தமான மஞ்சள் தூள், கிலோ 300 ரூபாய்' என்று தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் போட்டார். முதல் வாரம் உறவினர்கள் வாங்கினார்கள். அதற்குப் பிறகு போன் வரவில்லை. மழைக்காலம் வந்ததும் தூள் கட்டி தட்டியது, நிறம் மங்கியது. பாதிக்கு மேல் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

அவருடைய மஞ்சளில் குறை இல்லை. வாங்குபவரைத் தேடுவதற்கு முன்பே அரைத்ததுதான் தவறு.

லாபம் எங்கே நிற்கிறது?

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். உங்கள் ஊர் விலையை வைத்து இதை மாற்றிக்கொள்ளுங்கள். விரலி கிலோ 130 ரூபாய் என்றால் 100 கிலோவின் மதிப்பு 13,000 ரூபாய். சுத்தம் செய்வதிலும் அரைப்பதிலும் 5 கிலோ குறையும். ஆக, ஒரு கிலோ தூளுக்கு விரலி செலவு மட்டும் 137 ரூபாய். அரவைக் கூலி 20, கால் கிலோ பை நான்கும் லேபிளும் 24, மாதிரிக்குக் கொடுப்பதும் சேதமும் 9, உங்கள் வீட்டாரின் உழைப்புக்கு 35. மொத்தம் 225 ரூபாய். இந்த உழைப்புக் கூலியைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கிலோ 300 ரூபாய்க்கு 95 கிலோவும் விற்றால் 7,125 ரூபாய் மிஞ்சும். அதில் 20 கிலோ விற்காமல் தங்கிவிட்டால் மிச்சம் வெறும் 1,125 ரூபாய்தான். தேங்கும் தூள்தான் லாபத்தைத் தின்கிறது.

கூரியர் செலவையும் பாருங்கள். பார்சல் கால் கிலோவானாலும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. 75 ரூபாய் பாக்கெட்டுக்கு 60 ரூபாய் கூரியர் கட்ட யாரும் முன்வர மாட்டார்கள். கால் கிலோ பாக்கெட் நான்கை ஒரே பார்சலாக விற்பது நல்லது. ஒரே தெருவில் இருப்பவர்கள் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் இருவருக்கும் மிச்சம்.

விரலியாக வையுங்கள், தூளாக வேண்டாம்

அறுவடை செய்த கிழங்கை இரண்டு மூன்று நாட்களுக்குள் வேகவைத்து, சுத்தமான களத்திலோ தார்ப்பாயிலோ 10 முதல் 15 நாட்கள் காயவையுங்கள். சாலையோரம் வேண்டாம். இரவில் மூடிவையுங்கள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நன்கு காய்ந்த விரலியை ஒடித்தால் 'டக்'கென்று உலோக ஓசை வரும். அரைகுறையாகக் காய்ந்ததில் பூஞ்சணம் வரும்.

வெளிச்சமும் காற்றும் பட்டால் தூளின் நிறமும் மணமும் குறையும். எனவே விரலியாகவே இருப்பு வைத்து, மாதம் ஒரு முறை ஆர்டருக்கு ஏற்ப அரையுங்கள். இருப்பில் சிகரெட் வண்டு துளைத்த ஓட்டைகள் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். 'இந்த மாதம் அரைத்தது' என்பதை விடப் பெரிய விளம்பரம் உங்களுக்குத் தேவையில்லை. பெரிய கம்பெனிகளால் அதைச் சுலபமாகச் சொல்ல முடியாது.

எதைப் படம் எடுப்பது?

நகரத்தில் வாங்குபவருக்கு இருக்கும் முதல் பயம் கலப்படம். அந்தப் பயத்துக்குப் பதில் உங்கள் தோட்டத்தில் இருக்கிறது. வைகாசி, ஆனியில் விதைக் கிழங்கு நடுவது, களை எடுப்பது, தை, மாசியில் வெட்டுவது, வேகவைப்பது, காயவைப்பது, அரைப்பது என்று ஒவ்வொன்றையும் ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள். பாட்டு வேண்டாம், உங்கள் குரலிலேயே பேசுங்கள்.

ஒரு வீடியோவில் தண்ணீர்ச் சோதனையைக் காட்டலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு டீஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்காமல் விடுங்கள். சாயம் சேர்க்காத தூள் தண்ணீரை லேசான மஞ்சளாக்கி அடியில் தங்கும். சாயம் கலந்தது தண்ணீரை அடர் மஞ்சளாக்கும். இது வீட்டுச் சோதனை மட்டுமே. லெட் குரோமேட் போன்ற நஞ்சு இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் உறுதியாகச் சொல்லும்.

'புற்றுநோயைக் குணமாக்கும், சர்க்கரையை விரட்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். உணவுப் பொருளை நோய் தீர்க்கும் மருந்தாக விளம்பரம் செய்வது சட்டப்படி குற்றம்.

வாட்ஸ்அப் பிசினஸ் போதும்

தொடக்கத்தில் தனி இணையதளம் தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் பொருளின் படம், எடை, விலையைப் பட்டியலாக வைக்கலாம். 'பிராட்காஸ்ட்' பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் முதல் பார்சலோடு 'இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள்' என்று ஒரு சீட்டு வைத்து அனுப்புங்கள். தினமும் செய்தி அனுப்பினால் எண்ணை முடக்கிவிடுவார்கள். மாதம் இரண்டு முறை போதும்.

கூகுள் மேப்பில் உங்கள் தொழிலைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். வாங்கியவர்களிடம் அங்கே கருத்து எழுதச் சொல்லுங்கள்.

லேபிளும் பதிவும்

விளைந்த கிழங்கை விவசாயி அப்படியே விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 அவருக்குப் பொருந்தாது. அரைத்துப் பாக்கெட் போட்டால் பொருந்தும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்து, அந்த 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, பேக்கிங் தேதி, பேட்ச் எண், எவ்வளவு காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, அதிகபட்ச சில்லறை விலை, புகார் எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி ஆகியவையும் வேண்டும்.

'ஈரோடு மஞ்சள்' 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீட்டை லேபிளில் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். மதிப்புக்கூட்டிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்பனை குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படும். பெங்களூருக்குப் பார்சல் அனுப்புவதற்கு முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் வாங்கும்போது

பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. 'இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் வரும்' என்று யாராவது சொன்னால் அது மோசடி. 'ராணுவ முகாமுக்கு மொத்தமாக வேண்டும், முன்பணம் அனுப்புகிறோம்' என்று தொடங்கி இப்படி ஏமாற்றுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு அனுப்புங்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

முதல் ஆண்டு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் இப்படி விற்றுப் பாருங்கள். மீதியை வழக்கம்போல ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கே கொண்டுபோங்கள். இரண்டாவது முறை ஆர்டர் கொடுத்தவர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் முறை வாங்கியவர் உங்கள் வீடியோவைப் பார்த்து வாங்கியிருக்கலாம். இரண்டாவது முறை வாங்குபவர் உங்கள் மஞ்சளைச் சமைத்துப் பார்த்துவிட்டு வாங்குகிறார். அடுத்த ஆண்டு எத்தனை மூட்டை அரைக்கலாம் என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.